அத்தையின் முழங்காலில் ஓடிய கார்

பழனி ரோட்டில் ஒரு நாள் காலை அமெரிக்கக் கார் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. இரண்டு மாடுகள் அதை இழுத்து வந்தன.

மயில் கழுத்து நிறம். நீளத்தைக் கேட்டால், இரண்டு ஜட்காவும் ஒரு குதிரையும் சேர்ந்து நின்ற மாதிரி. முன்னால் வெள்ளிப் பல்வரிசை. அந்தப் பல்லில்தான் வடக்கயிற்றைக் கட்டியிருந்தார்கள். மாடுகளுக்கு அமெரிக்கா மேல் தனி மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. வலத்தது அசைபோட்டுக்கொண்டே வந்தது.

உள்ளே டிரைவர் அருளப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். குளத்தில் குளிக்கும்போது வேட்டி அடித்துப் போனவன் கரையில் நிற்பவர்களைப் பார்ப்பானா? அந்த மாதிரி ஒரு நேர்ப்பார்வை.

பின்னாலேயே ஜட்காவில் முதலாளி வந்து இறங்கினார். ஊரில் பெரிய புகையிலை மண்டி அவருடையது. சிப்பம் தூக்குகிறவர்கள் முதல் எடை போடுகிறவர்கள் வரை அவர் இருமினால் போதும், எழுந்து நிற்பார்கள்.

"என்னய்யா மேஸ்திரி, என் வண்டி புல்லுத் திங்கிற வண்டியாயிருச்சு."

"என்ன செய்யுது மொதலாளி?"

"சத்தம் போடுது. நகர மாட்டேங்குது. என் மச்சினன் மாதிரி."

சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் அவர் அருளப்பன் பக்கம் திரும்பிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வேடசந்தூர்ல என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டு வாசல்ல இந்த வண்டி போய் நிக்கணும். ஏலே, வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாத டிரைவரு எனக்கு எதுக்கு?"

அருளப்பன் மில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் காருக்கு வந்தவன். திரும்பிப் போனால் அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் என் வாய்க்கு பிரேக் பிடிக்கும் மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை.

"கிளச் மிதிச்சுப் பழகுன காலு மொதலாளி, சும்மா இருக்காது. இடது காலைப் பிரேக்கு மேலயே வச்சு ஓட்டியிருப்பான். அதான் உள்ள எல்லாம் எரிஞ்சு போயிருக்கும்" என்றேன்.

எல்லாரும் அருளப்பனின் இடது காலைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்த இடத்தில் ஒரு நிமிஷம். சென்ற வாரம் நான் லாரி ஒன்றைப் பின்னுக்கு எடுத்துக் கம்பங்காட்டுக்குள் இறக்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "ஐயா, நீங்கள் உருப்படியாக ஒரு வண்டியையாவது ரிப்பேர் செய்தது உண்டா?"

உண்டு ஐயா. அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டியைக் கெடுத்தது யார் என்று மட்டும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்.

காலுக்கு வேலையில்லாத வண்டி

கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. திண்டுக்கல்லில் அதற்கு முன் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. கிளச் கிடையாது. கியர் போட வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குச்சி. அதை முன்னுக்கு என்ற இடத்தில் வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி தானாகப் போகும்.

முதல் நாள் அதை ஓட்டிக்காட்டிய அருளப்பன், இல்லாத கிளச்சைத் தேடி மிதிக்கப் போய்ப் பிரேக்கை மிதித்துவிட்டான். பின் சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதலாளி முன் சீட்டுக்கு வந்தார். வெற்றிலை முன் கண்ணாடிக்குப் போனது. அன்றிலிருந்து இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்தே ஓட்டினான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவன் காலைச் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்ட வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவன் காலைத்தான் வார வேண்டும்.

கிளச் இல்லாமல் வண்டி எப்படி நகர்கிறது? அதற்கு 'டார்க் கன்வர்ட்டர்' என்று பெயர். பெரிய பூசணிக்காய் அளவுக்கு இரும்பு உருளை. உள்ளே எதிரெதிராக இரண்டு சக்கரங்கள். ஒன்றையொன்று தொடாது. நடுவில் எண்ணெய். இஞ்சின் பக்கத்துச் சக்கரம் சுற்றி எண்ணெயை வாரி அடிக்க, அந்த அடியில் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் சுற்றும். வண்டி நகரும். திரும்பி வருகிற எண்ணெயைத் திசை மாற்றி அனுப்ப நடுவில் சின்னதாக இன்னொரு சக்கரம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் நேரில் பேசிக்கொள்ளாமல் தரகரை வைத்தே கல்யாணத்தை முடிக்கிற மாதிரி. தரகர் அந்த எண்ணெய்தான்.

"கன்வர்ட்டர்ல கோளாறு இருக்கலாம்" என்று நான் சொன்னபோது அருளப்பன் அவசரமாகச் சொன்னான்: "எங்க வீட்ல தாத்தா காலத்துலயே கன்வர்ட் ஆயாச்சு மேஸ்திரி. இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

ஐடில்

மாடு இழுத்து வந்த நாளுக்கு மூன்று வாரம் முந்தி, அந்தக் கார் முதல் தடவையாக என் பட்டறைக்கு வந்தது. கோளாறு எதுவும் இல்லை. "சும்மா ஒரு பார்வை பாத்து விடுய்யா" என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

வண்டியோடு ஒரு இங்கிலீஷ் கைப்புத்தகம் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான். ஆனாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்கும்படி புத்தகத்தைப் பிரித்தேன். கியர்ப்பெட்டி எண்ணெயை அளக்கும் முறை போட்டிருந்தது. இஞ்சின் 'ஐடில்' ஆக இருக்கும்போது எண்ணெய் அளவுக்குச்சியை எடுத்துப் பார்க்கவும்.

ஐடில். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எனக்கு அகராதி தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் தினமும் காலையில் என்னைக் கூப்பிட்ட வார்த்தை அது. "ஐடில் ஃபெல்லோ, எந்திரிச்சு நில்லு." சோம்பேறி. சும்மா இருக்கிறவன்.

அப்புறம் என்ன? இஞ்சினும் சும்மா இருக்க வேண்டும். சாவியைத் திருகி நிறுத்தினேன். செத்த நேரம் பொறுத்து அளவுக்குச்சியை உருவினேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"பாத்தியா அருளப்பா, வெள்ளைக்காரன் கணக்கு வழக்கில்லாம ஊத்தி வச்சிருக்கான்" என்றேன். அடியில் திருகைக் கழற்றி, கோட்டுக்கு வரும்வரை எண்ணெயை வடித்தேன். இரண்டு பாட்டில் வந்தது.

அருளப்பன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டான். "மேஸ்திரி, நல்லா ஓடுற வண்டியில கைய வைக்கணுமா?"

"நீ இடது காலைப் பாத்துக்க. எண்ணெயை நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஆகா, என்ன கம்பீரம்.

அமெரிக்கத் தைலம்

அந்த எண்ணெயின் அழகைச் சொல்ல வேண்டும். செம்பருத்திச் சாறு போலச் சிவப்பு. மணமும் நம் ஊர் எண்ணெய் மணம் இல்லை. கீழே ஊற்ற மனம் வரவில்லை. இரண்டு காலி பிராந்தி பாட்டிலில் பிடித்து வைத்தேன். மதுவிலக்கு இருந்த காலத்தில் பட்டறையில் காலி பிராந்தி பாட்டில் எப்படி என்று அதே வாசகர் இன்னொரு கார்டு போடலாம். பதில் வராது.

ஒரு பாட்டில் பட்டறையில் இருந்தது. கதவுக் கீலுக்குக் கொஞ்சம், என் மனைவி பாக்கியத்தின் தையல் மிஷினுக்குக் கொஞ்சம். இன்னொன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை தாடிக்கொம்புக்குப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வழியில் செயின் முனகினால் விடலாம் என்று. கோயிலுக்குப் போகும் ரோட்டின் மேலேயே மாமியார் வீடு.

அத்தைக்கு முழங்கால் வலி. அது சாதாரண வலி இல்லை. ஊரில் யாருக்கு எந்த வலி வந்தாலும், "என் முட்டிக்கு முன்னால அது எம்மாத்திரம்" என்று சொல்லக்கூடிய வலி.

"சைக்கிள்ல என்ன மாப்ள, சிவப்பா?"

"அமெரிக்கா எண்ணெய் அத்தை" என்றேன். அதுவரை உண்மை. "மூட்டுக்கு நல்லது" என்றும் சேர்த்தேன். அதுவும் உண்மைதான். எந்த மூட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.

பாட்டில் என் கையிலிருந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மறு வாரம் பாக்கியம் வந்து சொன்னாள்: "அம்மாவுக்கு வலி அம்புட்டும் போயிருச்சாம். அமெரிக்கத் தைலம் குடுத்த மருமகன்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருக்கு." கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் மாமியார் வீட்டில் எனக்கு முதன்முதலாகச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகையாக வைத்தது அந்த எண்ணெயால்தான்.

முனகலும் அலறலும்

சரி, மாடுகளுக்கு வருவோம். அவற்றை அவிழ்த்துவிட்டு வண்டியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த மாதிரி வண்டிக்கு ஒரு சோதனை உண்டு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, குச்சியை முன்னுக்கு வைத்து, ஆக்ஸிலேட்டரையும் அழுத்த வேண்டும். மூச்சை இரண்டு தரம் இழுத்து விடும் நேரம்தான். அதற்கு மேல் போனால் எல்லாம் கொதித்துவிடும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் இஞ்சின் ஓரளவுக்கு மேல் ஏற முடியாமல், கட்டிப்போட்ட நாய் மாதிரி முனகும். பிடிப்பு விட்டுப்போயிருந்தால் அவிழ்த்துவிட்ட நாய் மாதிரி கத்தும்.

கத்தியது. பழனி ரோட்டில் போன பூ வண்டிக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

"இஞ்சின் மட்டும் சும்மா பறக்குது மேஸ்திரி" என்றான் அருளப்பன். "காலையில கொஞ்சம் நகருது. சூடு ஏறினா அதுவும் இல்ல. கண்மாய்க் கரை மேட்டுல அப்படியே நின்னுருச்சு."

இஞ்சினை நிறுத்தி, அளவுக்குச்சியை உருவி எண்ணெயைத் தொட்டுப் பார்த்தேன். அளவு கோட்டில்தான் நின்றது. கருகல் வாடை இல்லை. ஆனால் நுரை நுரையாக வந்தது, சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு: உள்ளே சக்கரத்தின் இதழ் உடைந்திருக்கும், கியர்ப்பெட்டியை இறக்கி அந்தப் பூசணிக்காயைப் பிளக்க வேண்டும். பிளந்தால் மூடத் தெரியாது. சாமானுக்குச் சென்னைக்கு எழுதினால் பார்சல் வர இருபது நாள். வெள்ளிக்கிழமைக்கு இருந்தது இரண்டு நாள்.

தயிர் பத்தலை

வியாழக்கிழமை விடிகாலை பாக்கியம் தயிர் கடைய உட்கார்ந்தாள். அவள் கடையும்போது சட்டியைப் பிடித்துக்கொள்வது வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட பெரிய பொறுப்பு. பிடிக்காவிட்டால் மத்து சுற்றுகிற சுற்றில் தயிர் சுழன்று, தயிரோடு சட்டியும் திமிறும்.

அன்று சட்டி திமிறவே இல்லை.

"விட்டுருங்க, இன்னிக்குப் பிடிக்க வேணாம்" என்றாள். "பூனை வாய வச்சிருச்சு. தயிரு அடியில கெடக்கு. வெறும் நுரைதான் வருது. மத்து சும்மா ஓடுது."

வார்த்தையில் குற்றம் கண்டுபிடிக்கும் புத்தி எனக்கு. "ஓடினா ஓடுதுன்னு சொல்லு. சும்மா இருந்தா சும்மா இருக்குன்னு சொல்லு. அதென்ன சும்மா ஓடுறது?"

"ஏன், நீங்க சும்மா ஓடிட்டே இருக்கலையா?"

சட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சும்மா ஓடுவது. நகராமல், எதையும் இழுக்காமல், நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே இருப்பது. ஐடில். வாத்தியாரே, நீங்கள் என்னைச் சோம்பேறி என்று சொன்னதாக அல்லவா அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இவன் ஓடிக்கொண்டே இருப்பான், எங்கேயும் போய்ச் சேரமாட்டான் என்றல்லவா சொல்லியிருக்கிறீர்கள்.

இஞ்சினை நிறுத்தினால் கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெய் கீழே தொட்டியில் வடிந்துவிடும். குச்சியில் அளவு ஏறித் தெரியும். ஓடவிட்டால் எண்ணெய் மேலேறிக் கன்வர்ட்டரை நிரப்பும். தொட்டியில் அளவு இறங்கும். அதுதான் உண்மையான அளவு. வெள்ளைக்காரர் ஒரு சொட்டும் கூடுதலாக ஊற்றவில்லை. நான்தான் சட்டியில் வாய் வைத்த பூனை.

சூடம்

பட்டறைக்குப் போய் முதலில் அருளப்பனிடம் சொன்னேன்.

"அப்ப என் காலு மேல தப்பில்லையா?"

"இல்ல."

"நேத்துலேர்ந்து எங்க வீட்ல எல்லாரும் இந்தக் காலத்தான் பாத்துக்கிட்டிருக்காக மேஸ்திரி. சோறு போடும்போது கூட." பிறகு நிதானமாகச் சொன்னான். "எங்கிட்டச் சொன்னது பத்தாது. மொதலாளிகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். அதைவிட முன்னால் எண்ணெய் வேண்டும். பட்டறையில் முக்கால் பாட்டில் இருந்தது. மீதி தாடிக்கொம்பில், ஒரு முழங்காலின் பாதுகாப்பில் இருந்தது.

சைக்கிளை மிதித்தேன். அத்தை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அந்தத் தைலம் பழசாயிருச்சு. வேற கொண்டாந்து தாரேன், அதைக் குடுங்க."

"நல்லாத்தான இருக்கு மாப்ள."

"கெட்டுப்போனா முட்டியப் பிடிச்சுக்கும் அத்தை."

முட்டி என்றதும் பயந்துவிட்டார். பானைக்குப் பின்னாலிருந்து பாட்டில் வந்தது. நாளைக்கு மூன்று சொட்டுத்தான் தேய்த்திருக்கிறார்; குறையவே இல்லை. ஆனால் மூடியைத் திறந்தால் மார்கழி மாதக் கோயில் வாசல்.

"இதுல என்ன அத்தை போட்டீக?"

"சூடந்தான். ரெண்டு கட்டி. அமெரிக்காக்காரனுக்குச் சூடத்தப் பத்தி என்ன தெரியும்?"

வேறு வழி இல்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். மெல்லிய துணியில் வடிகட்டி இரண்டையும் ஊற்றினோம். அருளப்பன் இஞ்சினை ஓடவிட்டான். ஓடும்போதே குச்சியை உருவினேன். எண்ணெய் கோட்டைத் தொட்டு நின்றது. நுரை இல்லை. சோதனை வைத்துப் பார்த்தோம். இஞ்சின் அலறவில்லை. கட்டிப்போட்ட நாயாக முனகியது. அவ்வளவு இனிமையான முனகலை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை

முதலாளி பட்டுத்துண்டோடு பின் சீட்டில் ஏறினார். பக்கத்தில் பழத்தட்டுகள். வழியில் நின்றால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். பெண்டுகள் எல்லாம் முந்தின பஸ்ஸில் போயிருந்தார்கள்.

வண்டி வெண்ணெயாகக் கிளம்பியது. மேடு வந்தது, ஏறியது. அருளப்பனின் இடது கால் சீட்டுக்கு அடியில்.

"மேஸ்திரி, நீ கெட்டிக்காரன்யா" என்றார் முதலாளி. "ஆனா வண்டிக்குள்ள என்னமோ சூட வாசம் வருதே. ஏலே அருளப்பா, வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டவன்னு நெனச்சா, நீ நம்ம சாமியையும் விடலையா? எத்தனை சாமியக் கும்பிட்டாலும் சரி, திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

அருளப்பன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடத் தேவலாம்.

"மொதலாளி, தப்பு அவன் மேல இல்ல. மூணு வாரத்துக்கு முந்தி நான்தான் தெரியாம எண்ணெயை எறக்கிட்டேன். கால்னு சொன்னதும் பொய்யி."

முதலாளி சிரித்தார். "ஒனக்கு நல்ல மனசுய்யா. பழகுனவனக் காட்டிக் குடுக்க மாட்டேங்குற."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நான் எத்தனை பட்டறை பாத்திருப்பேன். எந்த மெக்கானிக்குய்யா தன் தப்ப ஒத்துக்கிட்டிருக்கான்?"

வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை சொன்னேன். அதற்கும் நல்ல பெயர்தான் வந்தது. வேறு வழி தெரியாமல், தாடிக்கொம்பு வந்ததும் சொன்னேன்: "செத்த நேரம் இங்க நிறுத்தணும் மொதலாளி. எனக்குச் சாட்சி இருக்கு."

கார் நின்றதைப் பார்த்து அத்தை தாங்கித் தாங்கி ரோட்டுக்கு வந்தார். அருளப்பன் இறங்கி முன் மூடியைத் தூக்கினான்.

"இஞ்சின் சும்மா ஓடுது மேஸ்திரி. இப்பப் பாருங்க" என்றான், 'சும்மா'வை அழுத்தி.

குச்சியை உருவி அத்தையிடம் நீட்டினேன். அவர் நுனியைத் தொட்டு, மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். முகம் மாறியது.

"இது என் தைலம்ல. என் சூடம்ல இது. மூணு வாரமா நான் முட்டிக்குத் தேச்ச தைலம் இந்த வண்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

முதலாளி குச்சியைப் பார்த்தார், அத்தையின் முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தார் ரோட்டைப் பார்த்தேன். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பட்டுத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருளப்பன் முதுகில் தட்டினார்.

"ஏறுப்பா. திங்கக்கிழமை வரச் சொன்ன ஆள வேணாம்னு நானே சொல்லிர்றேன். கால நல்லா நீட்டி உக்காந்து ஓட்டு."

அருளப்பன் ஏறி உட்கார்ந்தான். இடது காலைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, மெதுவாக முன்னால் நீட்டினான்.

நான் சத்தமில்லாமல் ஏறப் பார்த்தேன். அத்தை என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏன் மாப்ள, காருக்கு ஊத்துற எண்ணெயையா என் முட்டிக்குக் குடுத்தீக?"

"ஆமா அத்தை."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை தெருவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"அம்புட்டையும் ஊத்திட்டீகளா, இல்ல அடியில கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கா?"